மேற்கு அறைக்குள் நுழைய அனுமதி

எங்கள் வீட்டு மேற்கு அறையில் புகைபோக்கி நன்றாகவே இழுக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பாதிப்பேர் பழியைப் புகைபோக்கி மேல் போடுகிறார்கள். மீதிப்பேர், போதகர் உட்பட, தேவன் மேல் போடுகிறார்கள். சாவு விசாரணைக்கு வந்த பன்னிரண்டு பேரும் என் ஆப்பிள் கள்ளை வயிறு முட்டக் குடித்துவிட்டு, ‘கடுங்குளிரால், தேவ சித்தப்படி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். செய்யாத வேலைக்கு அவருக்கு எதற்குப் பெயர்? செய்தவன் நான். அவசரமில்லை, நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் அப்பா எனோஸ் இந்தக் கனெக்டிகட் மலைச்சரிவில் நாற்பது வருடம் கல் பொறுக்கி நிலமாக்கியவர். எழுபது வயதில், உயிரோடு இருக்கும்போதே, சொத்தைப் பிள்ளைகள் மூவருக்கும் பிரித்துக் கொடுத்தார். அண்ணன் அமாசா மூத்தவன் என்பதால் இரட்டைப் பங்கு, ஆற்றோர நிலம் முழுவதும் அவனுக்கு. முதலில் பிறந்ததைத் தவிர அவன் வேறு எதையும் சாதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தங்கை டோர்கஸுக்கு ஒரு பசுவும் இறகு மெத்தையும். ஜேபெஸாகிய எனக்கு இந்த வீடு, வீட்டைச் சுற்றிய நிலம், கூடவே அப்பா.

அப்பாவை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தார். முற்றத்துப் பக்கம் வாசல் உள்ள மேற்கு அறை அவருக்கு. அந்த வாசலில் தினமும் விறகு, காலையும் மாலையும் சோளக்கூழ், வாரம் இருமுறை உப்புப் பன்றிக்கறி. ஞாயிறு ஜெபக்கூடத்துக்குப் போக ஒரு குதிரை, அதுவும் நொண்டாத குதிரை. ‘ஜேபெஸோ அவனைச் சேர்ந்தவர்களோ என் எழுத்து அனுமதி இல்லாமல் அறைக்குள் நுழையக் கூடாது. எந்த ஷரத்தை மீறினாலும் நிலம் அமாசாவைச் சேரும்.’ பெற்ற பிள்ளையைப் பற்றி இவ்வளவு யோசித்து எழுதிய அப்பா இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்.

பத்திரம் பேச்சுக்கு எழுதியது என்றுதான் நானும் நினைத்தேன். போன இலையுதிர் காலத்தில் அவர் அறைப் புகைபோக்கியில் கரி பற்றிக்கொண்டது. வாளித் தண்ணீரோடு உள்ளே ஓடி அணைத்தேன். புருவம் கருகியது, எனக்குத்தான். அப்பா நனைந்த போர்வையோடு கட்டிலில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எழுத்துல கேட்டியாடா?”

“என்னப்பா இது? நெருப்பு புடிச்சு எரியுது!”

“எரிஞ்சா எரியட்டும். வாங்கினியா, இல்லியா?”

திங்கட்கிழமை மாஜிஸ்திரேட்டை வரவழைத்தார். முதல் தடவை என்று அப்பா இரக்கப்பட்டாராம், முழு நிலத்தையும் எடுக்கவில்லை. ஓடைக்கரைக் கம்புவயல் மட்டும் அமாசாவுக்குப் போனது. நானும் என் மனைவி கெசியாவும் ஆறு வருடம் கல் பொறுக்கிய வயல் அது. அமாசா வேலி போட வந்தபோது என்னிடமே சம்மட்டி கடன் கேட்டான். கொடுத்தேன். “அடுத்த தடவ மிச்சமும் போயிரும், பாத்துக்க” என்று அப்பா அன்பாகத்தான் எச்சரித்தார்.

ஜனவரியில் பனி இடுப்பளவு விழுந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது. பிறகு முனகல்.

“என்னங்க, மாமா விழுந்துட்டாரு போல. போய்ப் பாருங்க” என்றாள் கெசியா.

போனேன். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

“இடுப்பு போச்சுடா. அசைய முடியல. அடுப்பு வேற அணையுது. உள்ள வா.”

“எழுத்துல குடுங்கப்பா.”

உள்ளே அப்பா சிரித்தார். என்னைப் பாராட்டிய சிரிப்பு என்றே பட்டது.

“மை உறைஞ்சு கெடக்குடா.”

“எளகட்டும்ப்பா. நான் எங்க போயிடப் போறேன்?”

கெசியா சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். ‘அவனைச் சேர்ந்தவர்களோ’ என்ற வரியை நினைவூட்டினேன். “நாலு புள்ளைங்கள எதை வெச்சுக் காப்பாத்துவே?” என்றேன். நின்றாள். பிறகு சால்வையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பிள்ளைகளைச் சத்தமாகப் பாடச் சொன்னாள். நல்ல குரல்வளம் உள்ள பிள்ளைகள்.

என் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அன்றும் மறுநாளும் விறகு, கூழ், கறி எல்லாம் வாசலில் வைத்தேன். கூழ் வைத்த இடத்திலேயே உறைந்தது. புதன்கிழமை அவர் குரல் மெலிந்துவிட்டது. “கம்புவயல உனக்கே எழுதித் தரேன்டா, கண்ணு” என்றார். கண்ணு என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் வயல் தருவதையும் வாயால்தானே சொன்னார்?

வெள்ளிக்கிழமை மாஜிஸ்திரேட்டும் அமாசாவும் வந்தார்கள். சத்தம் நின்றதும் முறைப்படி ஆள் அனுப்பியது நான்தான். வாசலில் அடுக்கியிருந்த விறகை விலக்கவே அமாசாவுக்கு வெகுநேரம் ஆனது. விலக்கியதும் கதவு தள்ளியவுடன் திறந்தது. அதற்குத் தாழ்ப்பாளே கிடையாது. பத்திரம் இருக்கும்போது தாழ்ப்பாள் எதற்கு என்று அப்பாதான் வைக்கவில்லை. பாதி திறந்ததும் கதவு அவர் மேல் இடித்து நின்றது.

இடுப்பு ஒடிந்த மனிதர் அடுப்படியிலிருந்து வாசலுக்கு எப்படி வந்தார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். தெரியாது என்றேன். அது பொய்.

வியாழக்கிழமை காலை நான் விறகு வைக்கப் போனபோது, கதவுக்கு அடியிலிருந்து ஒரு தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குடும்ப பைபிளின் முன்பக்கத்தைக் கிழித்திருந்தார். ஒரு புறம் எங்கள் மூவரின் பிறந்த தேதிகள். மறுபுறம் அடுப்புக்கரியால், கோணல்மாணலாக: ‘ஜேபெஸ் உள்ளே வரலாம். எனோஸ்.’ தாளின் மறுமுனையை அவர் விடவில்லை. நான் இழுத்ததும் விட்டார். அப்போது உயிர் இருந்தது.

அதே இடத்தில் நின்று அதை நான்கைந்து தடவை படித்தேன். தேதி இல்லை. சாட்சிக் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. வீட்டுக்குள் வந்து எங்கள் அடுப்பில் போட்டேன். “என்னங்க அது?” என்று கெசியா கேட்டாள். “ஒண்ணுமில்ல” என்றேன்.

செல்லாத காகிதத்தை நம்பி நிலத்தைப் பணயம் வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். அப்பா மட்டும் இன்று உயிரோடு இருந்திருந்தால், எனக்காகச் சாட்சி சொல்ல முதலில் வந்து நிற்பவர் அவராகத்தான் இருப்பார்.