நாலு விரல் மரியாதை

காலையில் சாயா குடித்தால்தான் எனக்குக் கையெழுத்து நேராக வரும். அன்று இரண்டு சாயா குடித்திருந்தேன். ஆகவே செய்ததெல்லாம் நிதானத்தோடு செய்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஆறுச்சாமி. வேலந்தாவளம் வாசகசாலை வாசலில் செய்திப் பலகை எழுதுகிறவன். பலகை வாசகசாலையுடையது, சாக்பீஸ் என்னுடையது. பத்து மணி பஸ்ஸில் பேப்பர் வரும். பத்தரைக்கெல்லாம் உலகத்தில் நடந்தது முழுக்க எட்டு வரியில் பலகையில் இருக்கும். இந்த ஊர் எதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பதினோரு வருஷமாக நான்தான் முடிவு செய்துவந்தேன். அதில் எனக்குக் கர்வம் கிடையாது.

எழுபத்தொன்பதில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் ராஜாராமன் நின்றார். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று, மனைவி சேஷம்மாளின் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ள இங்கே குடிவந்தவர். நல்ல மனிதர், அதை நான் மறைத்ததில்லை. ஜெயித்தால் பஞ்சாயத்து வாசலில் ரேடியோ வைத்து, கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டுவேன் என்றார்.

"கார்த்தால ஏழேகாலுக்கே லோக நியூஸ் பூரா கேட்டுடலாம், ஆறுச்சாமி. நீங்க வெயில்ல நின்னுண்டு எழுதவே வேண்டாம்" என்று என் தோளைத் தட்டினார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வயிறு எரிந்தது, அது வேறு விஷயம். பதினோரு வருஷத்தை ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டுப் போனார்.

அவருக்கு ஒரே ஒரு குறை, மாட்டுச் சந்தைக்காரர்களோடு பழக்கமில்லை. என்னிடமே வந்து கேட்டார். "இவாகிட்ட எப்படி ஓட்டுக் கேக்கறது? கும்பிட்டாச் சிரிக்கறாளே."

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. கைகளைத் துண்டால் மூடி, அதற்குள் விற்பவரின் விரல்களை வாங்குபவர் பிடிப்பார். எத்தனை விரலோ அத்தனை நூறு. விற்பவர் தலையாட்டி, துண்டை எடுத்தால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் மாட்டேன் என்றவன் ஊரில் தலைகாட்ட முடியாது. இது ராஜாராமனுக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

"கும்பிடறதெல்லாம் டவுனு மரியாதைங்க" என்றேன். "இங்க துண்டுக்குள்ள கைய உட்டு நாலு வெரலப் புடிக்கோணுமுங்க. அவரு தலையாட்டிட்டாருன்னா ஓட்டு நம்முளுதுங்க."

நாலு விரல் அப்போது மிகத் தாராளமான விலை. விவசாயிகளுக்கு நஷ்டம் வரக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். வாசகசாலைத் தாழ்வாரத்திலேயே ஒரு தடவை துண்டு போட்டுப் பழக்கியும் விட்டேன். சரியாகப் பிடித்தார். நானும் தலையாட்டினேன்.

சந்தையன்று புது அங்கவஸ்திரத்தோடு போய், ஒரே மணி நேரத்தில் முப்பத்தேழு பேரின் விரலைப் பிடித்தார். ஒவ்வொருவரிடமும், "சாயங்காலம் அவசியம் ஆத்துக்கு வாங்கோ" என்றார். நாலு சந்தையாக விலை போகாத நொண்டிக் காளையோடு நின்றிருந்த அர்த்தநாரி என்னிடம் ஓடிவந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏனுங்க, பல்லக்கூடப் பாக்காமப் புடிச்சுட்டாருங்க. சாமிங்க அவரு."

சாயங்காலம் எல்லோரும் போனார்கள். மாட்டோடு போனார்கள். துளசிக்கு விளக்கேற்ற வந்த சேஷம்மாள், துளசி இருந்த இடத்தில் ஒரு காளையின் வாயைப் பார்த்தார். தோப்பு முழுக்க முப்பத்தெட்டு மாடுகள்.

"ஏன்னா, இதுகளுக்கெல்லாமும் ஓட்டு உண்டா?" என்று கேட்டார்.

என் கணக்கு எளிமையானது. அவர் மறுப்பார், சந்தை அவரை ஒதுக்கும், ரேடியோ வராது. 'வாக்கு மாறிய வேட்பாளர்' என்ற தலைப்பை முந்தின நாளே பலகையில் எழுதி, மேலே சாக்கு போட்டு மூடியிருந்தேன். செய்தி நடக்கும் முன்பே எழுதியது அந்த ஒரு முறைதான்.

ராஜாராமன் அர்த்தநாரியிடம் விவரம் கேட்டார். தோப்பில் நின்ற மாடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, "அப்போ நான் பிடிச்சது பிடிச்சதுதானே" என்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று அத்தனை பேர் கேட்டும் என் பெயரைச் சொல்லவில்லை. பாதித் தோப்பு போயிற்று. சேஷம்மாளின் வளையல்களும் போயின. அதைக் கவனித்தேன், குடும்ப விஷயம் என்பதால் பலகையில் போடவில்லை.

பல்லில்லாத மாட்டுக்கும் சொல் மாறாத மனுசன் என்று வார்டே அவருக்குக் குத்தியது. எதிர்த்து நின்றவருக்கு அவர் வீட்டு ஓட்டுகூட முழுசாக விழவில்லை. அடுத்த மாதமே ரேடியோ வந்தது.

யோசித்துப் பார்த்தால் அவரை ஜெயிக்க வைத்தவன் நான்தான். ஊருக்கு அது தெரிய வேண்டாமா? இன்று காலை எல்லாவற்றையும் பலகையில் விவரமாக எழுதினேன். ஏழேகால் மணி, ஜனங்கள் மொத்தமும் ரேடியோவடியில் நின்றிருந்தார்கள். ராஜாராமனின் கிழக் காளை ஒன்று மட்டும் வந்து, சாக்பீஸ் ருசி பிடித்துப்போய், முதல் வரியிலிருந்து நக்கத் தொடங்கியது. அதனால்தான் உங்களிடம் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சந்தையில் பிடித்தது முப்பத்தேழு, தோப்பில் நின்றது முப்பத்தெட்டா என்று கேட்பீர்கள். அந்தக் காளை என்னுடையது. அன்று தாழ்வாரத்தில் துண்டை எடுக்கும்போது நான் தலையாட்டிவிட்டேன் அல்லவா, சந்தை வழக்கத்தை என்னால் மீற முடியுமா?