எந்தக் கடலை

விமான நிலையத்தில் சாப்பிடுகிறவர்கள் ருசி பார்ப்பதில்லை. ஒரு கண் தட்டிலே, மற்றக் கண் நேரப்பலகையிலே. பதினொரு வருசமாக அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நிற்கிறேன் ஐயா. முதலில் கோப்பை கழுவினேன், பிறகு தட்டு நிரப்ப விட்டார்கள். ஒருத்தரோடும் சண்டை பிடித்தவன் இல்லை.

மருமகன் சுந்தரோடும் எனக்குக் கோபம் இல்லை. இந்தியாவில் இருந்து வந்த பிள்ளை, கம்பியூட்டர் வேலை, மரியாதை தெரிந்தவர். கலியாணம் முடிந்து நாலு மாதத்தில் வன்கூவரில் வேலை கிடைத்ததென்று என் மகள் துர்க்காவைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். தாய் செத்த பிறகு எனக்குக் கடிதம் வாசிக்கிறவள் அவள்தான். பாங்கில் எந்த இடத்தில் கையெழுத்து வைப்பதென்று விரலால் தொட்டுக் காட்டுகிறவளும் அவள்தான். நான் பள்ளிக்கூடம் போகாதவன். அவள் இல்லாமல் மாமா என்ன செய்வார் என்று சுந்தர் ஒருக்கால் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போகிற அன்று மத்தியானம் இரண்டு பேரும் எங்கள் கடைக்குச் சாப்பிட வந்தார்கள். நான் வெளியே வந்து மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். துர்க்கா கை கழுவப் போயிருந்தாள்.

“மாமா, எனக்கு கடலை மட்டும் ஆகாது. கொஞ்சம் பட்டாலே தொண்டை அடைச்சிடும்” என்றார் சுந்தர். காலடியில் கிடந்த கறுப்புப் பையைத் தட்டிச் சிரித்தார். “பயப்படாதீங்க, அதுக்குப் போடுற ஊசி இதுலயே இருக்கு.”

“கடலை சாலட்டுக்குள்ளைதான் தம்பி. பொறுக்கி எடுத்துவிடுறன்” என்றேன்.

எங்களுக்குக் கடலை என்றால் அவித்துத் தாளிக்கிற கடலை. அவருடைய ஊரில் கச்சானை வேர்க்கடலை என்றும் சும்மா கடலை என்றும் சொல்லுவார்களாம். அது எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொன்னேன். அப்போது தெரியாதுதான்.

பிறகு துர்க்கா வந்து, பரிமாறுகிற பிள்ளையிடம் இங்கிலிசில் சொல்லியிருக்கிறாள். சிவப்புச் சீட்டு வந்து என் முகத்துக்கு நேரே தொங்கியது. சிவப்பு என்றால் சாப்பாடு ஒத்துவராத ஆள். சீட்டை வாசித்துச் சொல்லுகிறவன் சமையல்கார றொய்சன். அவன் குளிர் அறைக்குள் இறைச்சி எடுக்கப் போயிருந்தான்.

சுந்தர் கேட்டது நூடில்ஸும் சாலட்டும். எங்கள் நூடில்ஸுக்கு ஊற்றுகிற உறைப்புச் சோஸில் எப்போதும் கச்சான் இருக்கும். நான் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. வழக்கமாக ஊற்றுகிறதை ஊற்றினேன். சாலட்டில் இருந்த கடலையை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன்.

றொய்சன் வந்து, சீட்டைப் பார்க்காமல் தட்டை எட்டிப் பார்த்தான். “என்ன நவம் அண்ணை, மருமோனுக்கு ஸ்பெஷலோ?”

“ஓம். கடலை கூடாதாம்.”

“கடலையோ? வாயுக் கோளாறு போல. பிளேனிலை பக்கத்துச் சீட்டுக்காரன் தப்பினான்.”

நானும் சிரித்தேன். தட்டை நானே கொண்டுபோனேன்.

சுந்தரின் சாவைப் பற்றி உங்களிடம் இருக்கிற விசயம் இவ்வளவும்தான். கிழவனுக்குச் சீட்டு வாசிக்கத் தெரியாது, சொல்லில் வந்த பிழை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். துர்க்காவும் அழுதழுது அதைத்தான் சொன்னாள். “நான் உங்களுக்குக் கச்சான் எண்டு சொல்லியிருக்கவேணும் அப்பா. என்ரை பிழை.” இல்லையம்மா என்றேன்.

நேற்று யூஜினி துக்கம் விசாரிக்க வந்தா. எங்களோடு வேலை செய்கிற பிள்ளை, அன்றைக்கு லீவு. இரண்டு வருசமாக இடைவேளையில் கைதுடைக்கிற தாளில் எனக்கு எழுத்துப் பழக்கியவ அவதான். முதலில் தமிழ், பிறகு குசினிப் போத்தல்களில் இருக்கிற இங்கிலிசுச் சொற்கள். துர்க்காவுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டிருந்தேன். வாசிக்கத் தெரிந்த அப்பனிடம் அவள் என்னத்துக்கு வருவாள்?

வாசலில் சப்பாத்துப் போடும்போது யூஜினி மெல்லக் கேட்டா. “அண்ணை, பீனட் எண்டதை நான் உங்களுக்குப் பழக்கினனான் எல்லே?”

ஓம். அந்தச் சொல்லை அன்றைக்குச் சிவப்புச் சீட்டில் நான் எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தேன். அவர் சொன்ன கடலை எது என்று அப்போதுதான் விளங்கியது. யூஜினி வந்து உங்களிடம் சொல்லமுன் நானே எழுதிவிடுகிறேன்.

விமானத்தைத் தவறவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தால் யோசித்துப் பார்ப்பார், போகிறதை விடுவார். அதில் பெரிய கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. தட்டை வைத்தபோது, காலில் தடக்கும் என்று சொல்லி அதைக் குசினிக்குள் எடுத்துக்கொண்டு போனேன். “தேங்க்ஸ் மாமா” என்றார். கொஞ்ச நேரத்தில் கதிரை விழுந்த சத்தம். “அப்பா, பை! பையைக் கொண்டுவாங்கோ!” என்று துர்க்கா கத்தினாள். நான் உள்ளே ஓடினதை எல்லோரும் கண்டார்கள். பை கதவுக்குப் பின்னால் இருந்தது. நான் அதற்குப் பக்கத்தில் நின்றேன். அவள் திரும்பத் திரும்ப அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள். அப்படி அவள் என்னைக் கூப்பிட்டு எத்தனையோ வருசம். கூப்பிடுகிறது நிற்குமட்டும் நின்றேன்.

துர்க்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். விசாரணைக்கு வரச்சொல்லி நீங்கள் அனுப்பிய தமிழ்க் கடிதத்தை இன்று காலை எனக்குப் பக்கத்தில் இருந்து, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டினாள். நான் முந்தியே வாசித்துவிட்டேன் என்று சொல்லி அவளை நோகப்பண்ண எனக்கு மனம் வரவில்லை.