பத்துக் கட்டை, ஒரு பாதை

1974இல் குச்சவெளிக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை: விடுதிக்கான தூரக் கணக்கெடுப்பில் அந்தப் படிவத்தை நிரப்பியவள் நான்தான். சொன்னது இது.

பிரசவ விடுதிக்கு இடம் தீர்மானிக்கக் கூடியிருக்கும் இந்த அவையின் தலைவர் குலசிங்கம் ஐயா அவர்களே! வெயிலைப் பொறுத்து வீற்றிருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் கவலையுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

இடம் தேட ஒரு கணிதமுறை உண்டு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் உள்ள தூரத்தைக் கூட்டு. கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைகிறதோ, அங்கே கட்டு. அழகான முறை! அது சுட்டிய இடம் எது? உங்கள் குச்சவெளிச் சந்தி. கைதட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுத்துத் தட்டுங்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் தூரம் கேட்டால் என்ன சொல்வார்கள்? "பத்துக் கட்டை, ஒரு பாதை." ஆம், கயிறு பிடித்து இழுத்து ஆற்றைக் கடக்கிறோமே, அந்த மிதவைப் பாதைதான். படிவத்திலோ கட்டைக்கு, அதாவது மைலுக்கு, மட்டுமே கட்டம். நிரப்பியவர் பத்து என்று எழுதினார், பாதையை விட்டுவிட்டார்.

போன மாரியில் வெள்ளம் வந்து பாதை நின்றது. ஆற்றங்கரை மணலில் பிள்ளை பெற்றார் அக்கரை றம்ஸியா. பிள்ளை தங்கவில்லை. சந்தியைக் குறித்த வரைபடத்தை நான் காட்டியபோது அவர் கேட்டார்: "தங்கச்சி, உங்கட கடுதாசியில ஆத்துக்குத் தண்ணி இல்லையோ?"

"ஆர் புள்ள அந்தக் கெட்டிக்காரன்? பேரைச் சொல்லுங்க!" பின்வரிசையில், ஊருக்கே அண்ணனான ஜமால்தீன் காக்கா எழுந்துவிட்டார்.

"பேரை விடுங்க காக்கா, பிழையைப் பிடியுங்க."

"அப்ப எங்களுக்கு வந்ததை அங்கால குடுக்கவோ?"

"ஓம் காக்கா. அதைக் கேக்கத்தான் வந்தனான்."

சிரிக்கிறீர்கள், சிரித்தபடியே கேளுங்கள். பாதைக்குக் காத்து நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கூட்டினோம். விடுதி ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டது! உங்களுக்கு வாசலில் பஸ்; ஏறினால் பட்டினத்து ஆசுப்பத்திரி. அவர்களுக்கு? வலி எடுத்தால் ஆறு. வெள்ளம் எடுத்தால் ஆறு. ஓடி வந்தாலும் ஆறு, ஓலமிட்டாலும் ஆறு! கணக்கு இடத்தைக் காட்டிவிட்டது. கொடுக்கக் கணக்கால் ஏலாது, உங்களால் ஏலும். கொடுப்பீர்களா? கொடுப்பவர்கள் கை உயர்த்துங்கள்!

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்ததற்கு நன்றி. உயரப்போகும் கைகளுக்கு என் ஸலாம், என் வணக்கம்.

கைகள் உயர்ந்தன. ஜமால்தீன் காக்கா முணுமுணுத்துக்கொண்டே கடைசியாக உயர்த்தினார். படிவத்தில் இருந்தது என் கையெழுத்து என்று முன்வரிசையில் இருந்த றம்ஸியாவுக்குத் தெரியும். அவர் என்னையே பார்த்தார்.

1976 ஆவணியில் விடுதி அக்கரையில் திறந்தது. அந்த மாரியில் அங்கே பதினொரு பிள்ளைகள் பிறந்தன. படிவத்தில் இன்னும் மைலுக்கு மட்டும்தான் கட்டம்.