அன்புசெல்விக்கு ஒரு தனி மாஸ்க்

"அம்மா, சாமிக்கும் மூச்சு வாங்குமா?" என்று என் மகள் தேஜஸ்ரீ ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் வைத்துக்கொண்டு, அந்த வெண்புகைக்குள்ளிருந்து கேட்டாள். "சாமிக்கு வாங்காது கண்ணு. நமக்கு வாங்குனா சாமி பாத்துக்கும்" என்றேன். குழந்தைகள் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

என் பெயர் ரங்காத்தாள். நல்லூரில் கீழே பனியன் கம்பெனி, மேலே வீடு. என் வீட்டுக்காரர் மணியன் இருபது மெஷின் போட்டு நடத்துகிறார். பஞ்சுத் தூசிக்குக் கீழ் வீடு, மேல் வீடு என்ற பேதம் கிடையாது. தேஜஸ்ரீக்கு மூன்று வயதிலேயே இழுப்பு வந்துவிட்டது. 2006-இல் டாக்டர், வீட்டிலேயே ஒரு நெபுலைசர் வாங்கி வையுங்கள் என்றார். எந்த மருந்து, எத்தனை தடவை, எந்த நிலையில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பூஜை அறைக் கதவில் ஒட்டி வைத்தேன்.

எங்கள் கம்பெனியில் தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டும் அனிதாவின் மகள் அன்புசெல்விக்கும் அதே வயது. அதே டாக்டர், அதே மருந்து. மெஷின் மட்டும் அவர்களிடம் இல்லை. நானே கூப்பிட்டுச் சொன்னேன், பாப்பாவுக்கு இழுத்தால் இங்கே கொண்டு வா என்று. அனிதா அழுதுவிட்டாள். "நீங்க நல்லா இருக்கோணுமுங்கம்மா" என்றாள். பெரிய தர்மங்களைவிட இப்படிப்பட்ட சின்ன உபகாரங்களைத்தான் கடவுள் கணக்கில் வைப்பார் என்று நான் நம்புகிறேன்.

அன்புசெல்விக்கென்று தனியாக ஒரு மாஸ்க்கும் வாங்கினேன். ஆளுக்கொரு மாஸ்க் நல்லது என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதைக் கவரில் போட்டு, கீழே பின்படிக்கட்டுப் பக்கம் ஓர் ஆணியில் மாட்டியிருந்தேன். அவள் வந்தால் மெஷினைக் கீழே கட்டிங் டேபிளுக்குக் கொண்டுபோவோம். முடிந்ததும் மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து மேலே எடுத்து வருவேன். சுத்தம் முக்கியம்.

மாஸ்க்கை மாட்டியதும் அந்தக் குழந்தை கையை விரித்துக்கொண்டு, "நான் ஏரோப்ளேன் ஓட்டறேன்" என்பாள். அவள் அப்பா டேனியல் அயர்ன் டேபிளிலிருந்து, "மெதுவா ஓட்டு சாமி, அப்பன் டிக்கெட் எடுக்கலே" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

செக்கிங்கில் இருந்த நல்லம்மாளுக்கு மட்டும் வாய் அடங்காது. ஒருநாள் ஆணியைப் பார்த்து, "ஏனுங்கம்மா, டீக்கடையில ரெட்டை டம்ளரு போயி இப்ப மூச்சுக்குமுங்களா?" என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் ஆர்டர் குறைவு. அவளை நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, வேஸ்ட் மூட்டைகளை ஏற்றிப் போன ஆட்கள் ஆணியில் இருந்த கவரையும் சேர்த்து அள்ளிப் போய்விட்டார்கள். அன்று மாலையே பார்த்துவிட்டேன். புதிது வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். தீபாவளி நேரம், ஷிப்மெண்ட் நேரம்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு அனிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படிக்குக் கீழேயே நின்றாள். அவளுக்கு முறை தெரியும். "ஏனுங்கம்மா, ரொம்ப இழுக்குதுங்க. பேச்சே வரமாட்டேங்குதுங்க" என்றாள். குழந்தையின் உதடு நிறம் மாறியிருந்தது. காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்த நிலை அதுதான். உடனே கிளம்பச் சொல்லியிருக்கலாம், அல்லது வண்டி வரும்வரை மருந்தை வைத்திருக்கலாம். "இரு, கொண்டாறேன்" என்று மேலே போனேன்.

மெஷின் நன்றாக இருந்தது. மருந்தும் இருந்தது. கரண்டும் இருந்தது. தேஜஸ்ரீயின் மாஸ்க் அலமாரியில் கழுவித் துடைத்து வைத்திருந்தது. அதைக் கையில் எடுத்தேன். மறுபடி என் மகள் முகத்தில் இதை எப்படி வைப்பேன் என்று ஒரு யோசனை வந்தது. முன்பு ஒருமுறை ஊத்துக்குளியிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகனுக்கு இழுத்தபோது அந்த மாஸ்க்கைத்தான் வைத்தோம். அவசரத்துக்குக் கழுவி வைத்தால் போதும் என்று அப்போது டாக்டர் போனில் சொன்னார். ஆனால் அவன் எங்கள் பிள்ளை.

அலமாரி முன்னால் பத்து நிமிடம் நின்றிருப்பேன். கீழேயிருந்து அனிதா இரண்டு முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. நான் மாஸ்க்கை இருந்த இடத்திலேயே வைத்து, கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். "மெசினு ரிப்பேரு கண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றேன். டேனியலிடம் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தேன். வாசல்வரை கூடவே போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில், இறக்கும்போதே உயிர் இல்லை என்றார்கள். கொஞ்சம் முன்னால் ஒரு தடவை மருந்து உள்ளே போயிருந்தாலும் தாக்குப் பிடித்திருக்கும் என்று அங்கே ஒருவர் சொன்னாராம். அனிதாவே வந்து என்னிடம் சொல்லி அழுதாள். "மெசினு கெட்டதுக்கு நீங்க என்னங்கம்மா பண்ணுவீங்க" என்று என்னைத் தேற்றினாள். இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்தோம். தேஜஸ்ரீயின் மாஸ்க்கை அந்தக் குழந்தைக்கே கொடுத்துவிட்டு, மகளுக்கு வேறொன்று வாங்கியிருக்கலாம் என்பது எனக்குப் பதினோராம் நாள்தான் தோன்றியது. தோன்றியபோது கொஞ்ச நேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். மெஷின் ரிப்பேர் இல்லை. அந்தக் குழந்தையை நான்தான் விட்டுவிட்டேன். பாவம் என்றால் பாவம்தான். அவிநாசிக்குப் போய் விளக்குப் போட்டேன். ஆனால் விளக்கு மட்டும் போதாது, செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்று நினைக்கிறவள் நான்.

இந்த மழைக்காலத்தில் அனிதாவின் சின்னப் பையனுக்கும் இழுப்பு வந்துவிட்டது. டவுனுக்குப் போய்ப் புது நெபுலைசர் ஒன்று வாங்கினேன். எல்லோரும் வேலையில் இருந்த நேரமாகப் பார்த்து, பகலில் அவர்கள் வீட்டுத் தாழ்ப்பாளில் பையை மாட்டிவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை. சர்ச்சில் யாரோ கொடுத்தார்கள் என்று அனிதா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை. செய்ததைச் சொல்லிக் காட்டினால் புண்ணியம் போய்விடும்.

அன்றுதான் பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்தப் பையனுக்கு இப்போது சொந்தமாக எல்லாம் இருக்கிறது. இனி மூச்சு வாங்கினால் அவர்கள் என் படிக்கு வந்து நிற்க வேண்டியதில்லை.