கைக்கு ஒரு தலையணை

...தூங்குறாரு. ஆமாண்ணா, நீங்க நெனச்சது சரிதான், பெரியப்பா தூங்குறாரு. அஞ்சு மணிக்குள்ள படக்கதைப் பக்கம் அச்சகத்துக்கு வரலன்னா மெஷினு வேற வேலைக்குப் போயிடும், இந்தத் தடவ வர்ற புத்தகத்துல அவரு கதை கிடையாதுன்னு நீங்க சொன்னீங்க இல்ல? அத அப்படியே உள்ள போய் அவரு காதுல சொன்னேன். ஒத்தக் கண்ணத் தொறந்து, மணி மூணு ஆகலயேன்னாரு. மூடிக்கிட்டாரு. இன்னும் பத்து நிமிஷம் இருக்காம். உக்காருங்க. ஐயோ, அதுல வேணாம், அது அவரு உக்காந்து கழுத்தச் சுத்திப் பயிற்சி பண்ற நாற்காலி. வேற ஆளு உக்காந்தா அதோட பழக்கம் கெட்டுப்போகுமாம். இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

பன்னெண்டு வருஷமா வர்ற கதைண்ணா. அதோட நாயகி குடைக்காரி கடைசியா அந்தத் திருட்டுப் பல் டாக்டரத் தொரத்திக்கிட்டு தண்ணித் தொட்டி மேல ஏறிட்டா. ஒண்ணு அவ விழணும், இல்ல அவன் விழணும். பிள்ளைங்கல்லாம் வாயப் பொளந்துக்கிட்டுக் காத்திருக்கு. இங்க இவரு குறட்ட விடுறாரு.

அதுவும் சும்மா தூக்கமா? வலது கைக்குன்னு தனியா ஒரு தலையணை, தனியா ஒரு போர்வை. பெரியம்மா பழைய துணிய மடிச்சு தலைக்கு வச்சுக்கிறாங்க. கைக்குப் பஞ்சுத் தலையணை.

போன வருஷம் மணிக்கட்டு வீங்கிப்போய் ரெண்டு மாசம் டம்ளரக்கூட தூக்க முடியல, அது வாஸ்தவம்தான். டாக்டரு கையப் பாத்துக்கோங்கன்னாரு. பாத்துக்கோங்கன்னுதான் சொன்னாரு, புள்ள மாதிரி வளங்கன்னு சொல்லல. அன்னைக்குப் பிடிச்சுது சனி இந்த வீட்டுக்கு. காலைல ஒரு மணி நேரம் நடை. போன் கூடாது, பேச்சு கூடாது, எதுத்தாப்புல கடன்காரனே வந்தாலும் தலையாட்டிட்டுப் போயிடுவாரு. வந்து வெந்நீர்ல விரல நனைச்சு ஒவ்வொண்ணா நீட்டி மடக்குறது. அரை மணிக்கு ஒருக்கா ஜன்னல்ல நின்னு தூரத்துல பாக்குறது. எதுத்த வீட்டு அக்கா, தன்னப் பாக்குறாருன்னு முதல்ல சண்டைக்கு வந்தாங்க. இப்ப அவங்களும் அந்த நேரத்துக்கு வந்து நின்னு இவரத் தாண்டித் தூரத்துல பாக்குறாங்க. ஞாயித்துக்கிழம கட்டைவிரலுக்கு லீவு. நான் பொய் சொல்லலண்ணா. சட்டைக்குப் பட்டன் போடமாட்டாரு, பெரியம்மாதான் போடணும். ஸ்பூன நாலு விரல்ல இடுக்கிக்கிட்டு சாப்பிடுவாரு, பாதி மடியில.

அப்புறம் ஒரு நோட்டு. அன்னைக்கு நடந்த நல்லது மூணு எழுதணுமாம். நேத்து என்ன எழுதியிருந்தாரு தெரியுமா? 'தண்ணி குடிச்சேன். தண்ணி குளிர்ச்சியா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் இருந்துச்சு.' பக்கத்துலயே உக்காந்து நான் உயிரக் குடுத்து வேல செய்றேன், என் பேரு அதுல ஒரு வரி கிடையாது.

ஆமா, நானும்தான் இதுல வேல செய்றேன். அவரு கோடு போடுவாரு, எங்க கறுப்பு வரணுமோ அங்க பென்சில்ல சின்னதா ஒரு புள்ளி வைப்பாரு, நான் நிரப்பணும். ஸ்கூல விட்டதுலேர்ந்து இதான். எனக்கு இந்த நடை, நீட்டல், மடக்கல் எல்லாம் ஆகாது. வேலன்னா வேல. நேத்து தூங்கல, முந்தாநேத்து தூங்கல, பிஸ்கட்டும் காப்பியும்தான். போய்ப் படு, போய்ப் படுன்னு ஆறு தடவ சொல்லியிருப்பாரு. கலைன்னா உயிரக் குடுக்கணும் பெரியப்பான்னேன். அதுக்கு அவரு, "உயிரெல்லாம் வேணாம்மா, எட்டுப் பக்கம் குடு போதும்"னாரு. எப்படிப் பேசுறாரு பாருங்க.

என்னது... வரைஞ்சாரா இல்லையான்னா... 

வரைஞ்சாரு. செவ்வாக்கிழமையே எட்டும் முடிச்சாச்சு. அஞ்சு பக்கம் தோ, அந்தக் கவர்லயே இருக்கு, எடுத்துப் பாருங்க. மீதி மூணு... சரி, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது.

இன்னைக்குக் காலைல பத்து மணி. நல்ல வெளிச்சம். மூணு பக்கத்துலயும் வானத்த மட்டும் கறுப்பாக்கணும், அவ்ளோதான். நான் ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கு. அப்புறம் பெரியம்மா தோளத் தட்டுனது ஞாபகம் இருக்கு. நடுவுல என்ன ஆச்சுன்னு சத்தியமா தெரியலண்ணா. வானம் கறுப்பு. தண்ணித் தொட்டி கறுப்பு. குடைக்காரி, குடை, டாக்டரு, அவன் பல்லு, வசனம் எழுதுற பலூனு... எல்லாம் கறுப்பு. ஆனா ஒரு கட்டத்துலகூட ஓரம் தாண்டல. பிசிறே இல்ல. தூங்கிக்கிட்டே அவ்ளோ சுத்தமா யாரு செய்வா? அத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

பெரியப்பா வந்து பாத்தாரு. தலைகீழா திருப்பிப் பாத்தாரு. அடிச்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். சாப்டியான்னு கேட்டாரு. அப்புறம் சுவத்துக் கடிகாரத்தப் பாத்து, "மூணு பக்கம், மூணு மணியிலேர்ந்து நாலே முக்கால். கை நடுங்காம இருந்தா முடியும்"னு சொல்லிட்டு, கையக் கூட்டிக்கிட்டுப் படுக்கப் போயிட்டாரு. அதான் தூங்குறாரு. நான் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறேன், அவருக்குத் தூக்கம் வருது.

...எந்திரிச்சுட்டாரு. பாருங்க, தண்ணி. மூச்சு விடாம ஊத்திக்க வேண்டியதுதானே, மடக்கு மடக்கா எண்ணிக் குடிக்கிறாரு. இப்பக் கழுத்து. பெரியப்பா, அச்சகத்து அண்ணா வந்து எவ்ளோ நேரமாச்சு, இன்னைக்கு ஒரு நாள் கழுத்து சும்மா இருக்கக் கூடாதா?

காதுல வாங்கமாட்டாரு.

...அண்ணா. அந்தக் கோட்டப் பாத்தீங்களா? தொட்டி உச்சியிலேர்ந்து தரை வரைக்கும் ஒரே இழுப்பு. மயிரிழைகூட ஆடல. போன வருஷம் டம்ளரு தூக்க முடியாத கைண்ணா அது. ம்... நல்லாத்தான் இருக்கு. சொல்லிடாதீங்க அவருகிட்ட.

முத பக்கம் ஆயிடுச்சு. குடுங்க பெரியப்பா, நான் வானத்த முடிக்கிறேன். இந்தத் தடவ கண்ண... அண்ணா, நீங்க எதுக்கு பிரஷ்ஷ எடுக்குறீங்க? உங்க வேல வாங்கிட்டுப் போறது. பெரியப்பா, இவரு பாருங்க... சிரிக்கிறீங்களா ரெண்டு பேரும்? சரி, புள்ளி வச்ச எடத்துல மட்டும் நிரப்புங்க. மொதல்ல ஓரம், அப்புறம் நடு. நான் இங்கேர்ந்தே பாத்துக்கிட்டு இருக்கேன். தூங்கல. சாஞ்சிருக்கேன், அவ்ளோதான்... யாரு அது, தலைக்குப் பஞ்சா எதயோ வைக்கிறது... அண்ணா, அது வானம் இல்ல, அது அவ முடி... முடிக்கு வெளியில ஒரு கோடு விட்டு... விட்டு...