நூற்றிருபது நம்பர் கல்

கத்தி தீட்டுகிறவன் கையில் பெரும்பாலும் வெட்டுத் தழும்பு இருக்காது சார். நீங்களே பாருங்கள், இருபத்திரண்டு வருஷம் தீட்டிய கை இது. திறமை என்று சொல்ல மாட்டேன். பொறுமை, அவ்வளவுதான்.

இறைச்சிக் கூடத்தின் கடைசியில், பாதிக் கதவு போட்ட அறைதான் என்னுடையது. வெளியே நாற்பது பேர் குளிரில் நின்று எலும்பிலிருந்து சதையைப் பிரிப்பார்கள். கத்தி மழுங்கினால் என்னிடம் வரும். லேசாக மழுங்கியதென்றால் மெல்லிய கல் போதும். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால்தான் முரட்டு வைரக் கல்லை எடுக்க வேண்டும். சில்லு மறைகிறவரை மொத்த விளிம்பையும் கரைத்து, புதிதாக ஒரு சரிவு பிடித்துத் தர வேண்டும். பலரும் முரட்டுக் கல் வேலையை முடித்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது வேலையை ஆரம்பித்துத்தான் வைக்கும். விளிம்பின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு பிசிர் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. இன்னும் இரண்டு கல்லில் தேய்த்து, தோல் வாரில் இழுத்தால்தான் அது போகும். பதினைந்து நிமிஷம். போகாவிட்டால் கத்தி முதல் நாலு வெட்டுக்கு நன்றாக ஓடும். பிறகு பிசிர் மடங்கிக்கொள்ளும். வெட்டுகிறவன் அழுத்துவான். அழுத்தினால் வழுக்கும்.

என் தம்பிக்கு அப்படித்தான் ஆனது.

அப்பா அம்மா போன பிறகு நான்தான் வளர்த்தேன். கூடத்தில் மூன்றாவது மேசை அவனுடையது. கத்தி கொண்டுவரும்போதெல்லாம் கதவில் சாய்ந்துகொண்டு வம்பிழுப்பான்.

"என்னண்ணா, உன் கல்யாணப் பேச்சைவிட மெதுவாப் போகுது."

"வாயை மூடிட்டு நில்லுடா."

"மூடிட்டேன். அண்ணி வந்து திறக்கச் சொன்னாத்தான் திறப்பேன்."

அன்றைக்கு அவன் கத்தி கொக்கியில் பட்டு, நுனிக்குப் பக்கத்தில் நெல்மணி அளவு சில்லு போயிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். என் டப்பா மேசையில் திறந்திருந்தது. முரட்டுக் கல்லில் சில்லை எடுத்து முடித்திருந்தேன். அப்போதுதான் சூப்பர்வைசர் குரல் கேட்டது: "போதும், கொண்டு போ." கூடமே அவருக்கு வைத்த பெயர் அவசரம். எதற்கும் பொறுக்க மாட்டார். தம்பி கத்தியை எடுத்துக்கொண்டு போனான். நான் இரண்டாவது கவளம் வாயில் வைக்கும்போது கூடத்தில் சத்தம் கேட்டது. கத்தி தம்பியின் தொடை இடுக்கில் இறங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அதற்கு வேலை இல்லை.

சூப்பர்வைசர் அறிக்கையில் மூன்று வார்த்தை எழுதினார். தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்.

நான் சண்டை போடவில்லை. மறுவாரமே வேலைக்குப் போனேன். அவரே வந்து தோளில் கைவைத்தார். "மனசை விட்டுடாதப்பா, நாங்கல்லாம் இருக்கோம்" என்றார். இருக்கிறார்தான் என்று எனக்கும் தோன்றியது.

அவருக்கு ஒரு பழக்கம். மாதம் பிறந்தால் புதிதாகச் சேர்ந்தவர்களைச் சுற்றி நிறுத்தி, ஒரு முழுத் தொடையைத் தானே பிரித்துக் காட்டுவார். கத்தியைத் தன் வயிற்றுப் பக்கமாக இழுத்து வெட்டுவார். இரும்பு வளையம் கோத்த ஏப்ரனைக் கட்ட மாட்டார். "அது பயந்தாங்கொள்ளிக்கு" என்பார். அதற்கென்றே தனியாக ஒரு கத்தி வைத்திருந்தார். அதையும் நான்தான் தீட்டுவேன்.

நான் புதுக் கல் வாங்கப் போனேன். கல்லில் நம்பர் குறையக் குறைய முரடு. கடைக்காரர் எனக்குப் பழக்கமானவர்.

"நூற்றிருபதா? வேணாம்ணே, காட்டுத்தனமாக் கீறும். முந்நூறு எடுங்க, பழகினது."

"சில்லு பெரிசு."

"அப்போ கொஞ்ச நாள் பழைய இரும்புல தேய்ச்சுப் பழக்கிட்டு எடுங்க. புதுக் கல் முரண்டு பிடிக்கும்."

நான் பழக்கவில்லை. முரண்டு பிடிக்கும் கல்தான் எனக்கு வேண்டியிருந்தது.

எலும்பில் படுகிற கத்திக்குச் சரிவு கொஞ்சம் தடியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு மடங்கும். அவர் கத்தியை மாதாமாதம் ஒரு இழை மெல்லியதாக்கினேன். ஒரேயடியாகச் செய்திருந்தால் அவர் கண்டுபிடித்திருப்பார், கண் அப்படி. மெலிய மெலிய அது அற்புதமாக வெட்டியது. ஒவ்வொரு தடவையும் என் கதவுக்கு வந்து பாராட்டினார். "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்யா" என்றார். அவர் மனைவி ஒருமுறை எனக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தனுப்பினார். இப்போது போட்டிருக்கிறேனே, இதுதான்.

எட்டாவது மாதம் கடைசித் தடவை. நூற்றிருபதில் முடித்தேன். பிசிரை எடுக்கவில்லை. பக்கவாட்டை மட்டும் பளபளப்பாக்கி, துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தேன். பாதிக் கதவில் சாய்ந்து நின்று பார்த்தேன். ஐந்தாவது வெட்டில் விளிம்பு மடங்கியது. எலும்பு மூட்டில் மாட்டிக்கொண்டது. சுற்றிலும் புதியவர்கள் பார்க்கிறார்கள், அவருக்கு அவசரம். பலம் முழுவதையும் போட்டு இழுத்தார். அது விடுபட்டது.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. பிறகு ஏன் நானாக வந்தேன் என்று நேற்று கேட்டீர்கள். அவர் சாவு அறிக்கையிலும் அதே மூன்று வார்த்தையை எழுதிவிட்டார்கள். கவனக்குறைவாம். எட்டு மாதம் ஒரு இழை பிசகாமல் செய்த வேலை சார் அது. கவனக்குறைவு என்று எழுதினால் எப்படிப் பொறுப்பது? திருத்தி எழுதுங்கள். நான்தான் கொன்றேன்.

நீங்கள் இன்று காலையில் கூடத்து வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன் பிரித்து வைத்தீர்கள். தம்பி இறந்த தேதியில் சூப்பர்வைசர் பெயருக்கு நேரே விடுப்பு என்று இருக்கிறது. மகளைப் பள்ளியில் சேர்க்க வெளியூர் போயிருந்தாராம், மறுநாள்தான் திரும்பினாராம். தம்பியைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையில் உள்ள தேதியும் மறுநாள்தான். நான் மூன்று முறை படித்தேன். பதிவேட்டில் தப்பு வராதா என்ன? அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. "போதும், கொண்டு போ."

அவர் சொல்லவில்லையென்றால் வேறு யார் சொன்னது என்று கேட்கிறீர்கள். அதை நான் எப்படிச் சொல்வது சார்? அறையில் நானும் தம்பியும் மட்டும்தானே இருந்தோம்.