ஐந்தாவது ஊசியும் அரங்கத்தை நிறுத்திய தேவதையும்

"அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா மைக்கைப் பிடுங்கிடுவேன்" என்று அன்போடு எச்சரித்து என்னை மேடை ஏற்றியிருக்கும் போதகர் ஐயா அவர்களே! முப்பது வருஷம் தீயணைப்பு நிலையத்தில் ஊர்த் தீயை அணைத்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு நாடகக் குழுவில் பற்றுகிற சண்டைகளை அணைத்துக்கொண்டிருக்கும் தலைவர் ஐயா அவர்களே! அறுபதைத் தாண்டியும் ஆறு கட்டையில் பாடத் துணிகிற பெரியோர்களே! "இந்த மனுஷன் எப்ப வீட்டுக்கு வருவார்" என்று கேட்ட காலம் போய், "இன்னும் ஒத்திகைக்குக் கிளம்பலையா" என்று வீட்டுக்காரரைப் பிடித்துத் தள்ளுகிற தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சுவராக நிற்கும் என் வயசுக்காரர்களே! இவர்கள் எல்லோருக்கும் பின்னால், மேடைச் சாமான் மேசையில் குனிந்துகொண்டு, எதையோ எண்ணுவது போல நடிக்கிற எங்கள் சிஸ்டர் அவர்களே! உங்களைத்தான் சிஸ்டர். நிமிர்ந்து பாருங்கள். எல்லோருக்கும் என் வணக்கம்!

"யாருடா இந்தப் பொண்ணு?" என்று மூன்றாவது வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. நான் பஸ் நிலையத்துக்கு எதிரே போன் கவர் விற்கிற கடையில் வேலை பார்க்கிறவள். பாட்டு படித்ததில்லை, பேச்சு படித்ததில்லை. வீடியோ வெட்டுவதும் ஒட்டுவதும் போனைப் பார்த்தே கற்றுக்கொண்டது. ஆனால் நெஞ்சைத் தட்டி ஒன்று சொல்வேன். எந்த நடிகருக்கு எத்தனை லட்சம் ரசிகர்கள் வேண்டுமானாலும் இருக்கட்டும். நம் சபையும் இந்தப் பகுதிச் சங்கமும் சேர்ந்து நடத்தும் ஓய்வு பெற்றோர் இசை நாடகக் குழுவுக்கு முதல் ரசிகை, முழு ரசிகை, முரட்டு ரசிகை நான்! கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள். கொஞ்ச நேரத்தில் நீங்களே என்னைத் திட்டப்போகிறீர்கள்.

ஓய்வு! இந்தப் பெயரை யார் வைத்தார்கள்? பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்ன செய்தார்கள்? சாய்வு நாற்காலியில் சாய்ந்தார்களா? சாய்ந்தார்கள், சரியாக ஒரு வாரம். எட்டாம் நாள் வீட்டில் இருந்தவர்களே விரட்டிவிட்டார்கள்! விரட்டிய வீட்டுக்கு நன்றி. அதனால்தான் வருஷக் கடைசி விடுமுறையில் நமக்கு ஒரு கிறிஸ்துமஸ் நாடகம் கிடைத்தது. வீடு வீடாய்ப் போய் மின்சார மீட்டர் படித்தவர் இங்கே கிரீடம் வைத்த ஞானி. மீட்டர் படித்த பழக்கம் விடுமா? வசனத்தையும் உற்றுப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் படிப்பார். ஐயா, கோபிக்காதீர்கள்! ஆயிரம் வயிற்றை அறுத்துத் தைத்த டாக்டர் ஐயா இங்கே மேய்ப்பர். அவர் ஆட்டுக்கம்பைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு விரலால், கத்தியைப் பிடிப்பது போல! ஆடே பயந்து ஓடிவிடும்.

அந்த டாக்டர் ஐயாவே பயப்படுகிற ஒருவர் இந்த அரங்கத்தில் உண்டு. அவர்தான் சிஸ்டர்.

முப்பத்தோரு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. நோயாளியின் வயிற்றைத் தைத்து மூடும் முன்னால், உள்ளே போன பஞ்சு, கத்தி, ஊசி எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் போதும். எப்பேர்ப்பட்ட டாக்டராக இருந்தாலும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த எண்ணிக்கை சிஸ்டர் கையில் இருந்தது. ஒருநாள் நான் கேட்டேன்: "சிஸ்டர், இத்தனை வருஷம் நீங்க பாடினதே இல்லையா?" அவர் சொன்னார்: "முகமூடிக்குள்ள எங்கம்மா பாடறது? என் குரலைக் கேட்டவங்கள்ல பாதிப்பேர் மயக்கத்துல இருந்தாங்க. மீதிப்பேர் டாக்டருங்க. அவங்க என்னைக்கு கேட்டாங்க?"

சிரிக்கிறீர்கள். டாக்டர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை!

அப்படிப்பட்டவருக்குப் போன வருஷம்தான் முதல் பாட்டு கிடைத்தது. தேவதையின் பாட்டு. இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்கு மூன்று மாதம் துணி காயப்போடும்போதும் பாடினார், துணி எடுக்கும்போதும் பாடினார். ஆனால் இந்த வருஷம்? அவர் பாடப்போவதில்லை. வெளியே ஒரு பெண்ணைப் பாடவைத்துப் பதிவு செய்து அதை ஓட்டுவதாக முடிவாகியிருக்கிறது. தேவதையாக யாரோ நின்று வாயசைப்பார். சிஸ்டர், "நான் சாமான் மேசையைப் பாத்துக்கறேன்" என்று சிறகைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதற்கு யார் காரணம்? தலைவரா? குழுவா? பாவம், அவர்களைச் சொல்லாதீர்கள். காரணம் இதோ உங்கள் முன்னால் நிற்கிறது. நான்தான்!

போன வருஷக் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். வைக்கோல் பரப்பிய முன்னணை, அதுதான் பாலன் இயேசுவைக் கிடத்தும் தீவனத் தொட்டி. ஞானிகள், மேய்ப்பர்கள். முன்னணையில் கிடத்துவதற்காக நாலு மாதக் குழந்தையோடு அதன் அம்மா ஓரத்தில் தயார். நிஜக் குழந்தை! தேவதை பாட வேண்டிய நேரம். வந்தார் தேவதை. எப்படி வந்தார்? முதுகில் சிறகு, மூக்கில் கண்ணாடி, கையில் எவர்சில்வர் தட்டு! நேராக மேடையின் முன்விளிம்புக்கு வந்து, நானூறு பேர் முன்னால் குரல் கொடுத்தார்:

"நிறுத்துங்க! அஞ்சு ஊசி குடுத்தேன், நாலுதான் திரும்பி வந்திருக்கு. யாரும் அசையாதீங்க!"

உடுப்புத் தைக்கிற ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது சிஸ்டர்தான். ஓரமாக வந்து காதோடு சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தோரு வருஷப் பழக்கம் காதோடு பேசுமா? அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. மேய்ப்பராக நின்ற டாக்டர் ஐயா கம்பைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு சிலையாக நின்றுவிட்டார்! மீட்டர் ஐயாவின் கிரீடம் மூக்குவரை இறங்கியது. அசையக் கூடாது என்றதால் தூக்கிவிடவும் இல்லை! திரை இழுக்கிறவர் பதறிப்போய்த் திரையை மூடிவிட்டார். எல்லோரும் உள்ளே, சிஸ்டர் மட்டும் வெளியே!

அரங்கம் அதிர்ந்து சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே படம் பிடித்தேன். மறுநாள் அதை நாற்பது வினாடியாக வெட்டி, "ஊசிக்காக உலகத்தை நிறுத்திய தேவதை" என்று பெயர் வைத்துப் போட்டேன். அன்பாகத்தான் போட்டேன். ரசிகையாகத்தான் போட்டேன். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். குதித்தேன்! கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்!

கீழே எழுதியிருந்ததை அப்புறம்தான் படித்தேன். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" "யாராவது இவங்களைக் கூட்டிட்டுப் போய் வீட்டுல உட்கார வைங்கப்பா." "மறை கழண்ட தேவதை." ஆயிரக்கணக்கில் இப்படி. அதையெல்லாம் சிஸ்டரும் படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக. எண்ணுகிறவர் ஆயிற்றே!

மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார், தண்ணீர் கொடுத்தார். "திட்டுங்க சிஸ்டர்" என்றேன். "எதுக்கும்மா திட்டணும்? நீ பொய்யா ஒண்ணும் போடலையே. நான் எண்ணி முடிக்கறதுக்குள்ள நீ முடிச்சுட்ட, அவ்வளவுதான்" என்றார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். திட்டாததால் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

எண்ணி முடிப்பதற்குள் முடித்துவிட்டேன்! அப்படியானால் எண்ணி முடித்தபோது என்ன வந்தது? அந்த ஐந்தாவது ஊசி எங்கே இருந்தது? நானூறு பேரில் ஒருவராவது கேட்டோமா? இரண்டு லட்சம் பேரில் ஒருவராவது கேட்டாரா? ஒரு வருஷம் கழித்து நான் கேட்டேன். குழுவுக்கு உடுப்புத் தைக்கிற தையல்காரர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். அவர் மெஷினை நிறுத்தினார். கண் கலங்கினார்.

"முன்னணையில விரிக்கிற துணிக்கு ஓரம் பிரிஞ்சிருந்துச்சும்மா. கடைசி நிமிஷத்துல ரெண்டு தையல் போட்டேன். எவனோ கூப்பிட்டான்னு ஊசியை அதுலயே குத்தி வெச்சுட்டுப் போயிட்டேன். குழந்தையோட தலை வைக்கிற இடம்மா அது. திரைக்குப் பின்னால டாக்டர்தான் தேடி எடுத்தாரு."

 

"அப்ப ஏன்யா இவ்வளவு நாள் யாரும் சொல்லல?" என்று கேட்டேன். "சிஸ்டர்தான் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. 'என்னைச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. உங்க பேரு வெளிய வந்தா நாளைக்கு எவன் உங்ககிட்ட குழந்தைக்குச் சட்டை தைக்கக் குடுப்பான்'னு சொல்லிட்டாங்கம்மா. நீ சொல்லிடு. நானே சொல்லச் சொன்னேன்னு சேத்துச் சொல்லு."

சொல்லிவிட்டேன், தையல்காரர் ஐயா. நீங்கள் எழுந்து நின்று கைகூப்புவதை எல்லோரும் பார்க்கிறார்கள். உட்காருங்கள் ஐயா. யாரும் உங்களைத் தப்பாக நினைக்கவில்லை. குழந்தையின் அம்மாவே உங்கள் தோளைத் தட்டுகிறார்கள்!

நான் வெட்டி எறிந்தது இன்னும் இருக்கிறது. மூடிய திரைக்கு வெளியே தட்டோடு நிற்கிறார் சிஸ்டர். எல்லோரும் சிரிக்கிறோம். அவர் போகவில்லை. அசையாதே என்று சொன்னவர் தானும் அசையவில்லை. உள்ளிருந்து டாக்டர் ஐயாவின் குரல்: "கிடைச்சிருச்சு சிஸ்டர்!" இவர் கேட்கிறார்: "எத்தனை?" "அஞ்சு சிஸ்டர்!" அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! தட்டைக் கீழே வைத்தார். கீபோர்டு வாசிக்கிறவர் சிரித்துக் கொண்டிருந்தார், சுருதி கொடுக்க ஆள் இல்லை. சுருதி இல்லாமலே தொடங்கினார். இரண்டே வரி. முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் நாம் அடங்கினோம். பாடத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் பாடுவார்கள். ஒரு குழந்தை பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பாடிய குரலை எந்த ஒலிப்பதிவு அறையில் பிடிப்பீர்கள்? எந்தக் கருவியில் பிடிப்பீர்கள்? எவ்வளவு தரமான மைக்கில் பிடிப்பீர்கள்?

தலைவர் ஐயா! வாயசைக்கவா இவர்கள் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தார்கள்? தப்பு நடக்கட்டும் ஐயா! கிரீடம் இறங்கட்டும், வசனம் மறக்கட்டும், சுருதி சறுக்கட்டும்! சொந்தக் குரலில் சறுக்கட்டும்!

போதகர் ஐயா எழுந்துவிட்டார், மைக்கைப் பிடுங்கப்போகிறார். ஒரே நிமிஷம் ஐயா. சிஸ்டர், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்குப் பிடித்தது முழுசாக, நாலு நிமிஷமும், என் போனில் இருக்கிறது. இப்போதே போட்டுவிடட்டுமா? அந்த இரண்டு லட்சம் பேரும் பார்க்கட்டும். என்ன சிஸ்டர்? தலையை ஆட்டுகிறார்கள். வேண்டாமா? அந்த மைக்கை அவர்களிடம் கொடுங்கள். சத்தம் போடாதீர்கள், கேட்கட்டும்.

கேட்டீர்களா? மைக் கரகரத்ததில் முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்கிறார்கள். சிஸ்டர் சொன்னதை ஒரு எழுத்து வெட்டாமல் சொல்கிறேன்: "போன்ல போடாதே. பாக்கணும்னா இருபதாம் தேதி சாயங்காலம் நாடகத்துக்கு நேர்ல வரச் சொல்லு. தலைவர் ஐயா, அந்தப் பதிவுப் பாட்டோட சுருதி எனக்கு உயரம். அரைக் கட்டை குறைச்சு வாசிக்கச் சொல்லுங்க."

பாடப்போகிறார்கள்! தலைவர் ஐயா தலையசைத்துவிட்டார்! டாக்டர் ஐயா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார், யாராவது பிடித்துக்கொள்ளுங்கள்! அரைக் கட்டை என்ன சிஸ்டர், எட்டுக் கட்டை குறைத்தாலும் கேட்க நாங்கள் இருக்கிறோம்!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், மைக்கைப் பிடுங்காத போதகர் ஐயாவுக்கும், தன் பேரைச் சொல்லச் சொன்ன தையல்காரர் ஐயாவுக்கும், என்னைத் திட்டாமல் திருத்திய சிஸ்டருக்கும் இந்த ரசிகையின் நன்றி. இருபதாம் தேதி முன்வரிசையில் போன் இல்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பேன். அதுவரைக்கும் வணக்கம்!